பெரிய ஸ்டேஷன்

மாலை ஐந்தேகாலுக்குத் தெருமுனையில் பாக்கியசாமியின் சைக்கிள் மணி கேட்டால், அக்னஸ் கோப்பிக்குத் தண்ணீர் வைப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் வழக்கம். ஆனால் பதினைந்து நாளாக அந்தக் கோப்பி ஆறித்தான் போகிறது. மின்சார இலாகாவில் மீட்டர் பிரிவு வேலையை முடித்து வருகிற மனிதர், சட்டையைக்கூடக் கழற்றாமல் மாடிப்படி ஏறிவிடுகிறார். மேலே, தெருவைப் பார்த்த அறையில், பழைய சாப்பாட்டு மேசைமேல் இரண்டு பெட்டிகள். ஒன்று கேட்பதற்கு, ஒன்று அனுப்புவதற்கு. இரண்டையும் அவரே ஒன்றரை வருஷமாகக் கட்டினார். ஜன்னல் வழியாக ஒரு செம்புக் கம்பி வெளியே போய், பக்கத்து வீட்டு யூசுப்பின் பலா மரத்து உச்சியில் கட்டப்பட்டிருந்தது.

அது 1936ஆம் வருஷக் கடைசி. வியாபாரத்துக்கு இல்லாமல், உத்தியோகத்துக்கு இல்லாமல், வெறும் ஆசைக்காகக் கம்பியில்லாத் தந்தி நடத்துவதற்குச் சர்க்கார் சில பேருக்கு உரிமம் கொடுத்து வந்தது. அதைப் பெற மோர்ஸ் புள்ளியும் கோடும் அடித்துக் காட்டிப் பரீட்சை தேற வேண்டும். பாக்கியசாமி இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை தேறினார். தனக்குத் தெரிந்தவரை பினாங்கு ஜார்ஜ் டவுனில் வேறு எந்தத் தமிழனிடமும் அந்தக் காகிதம் இல்லை என்பதில் அவருக்கு உள்ளங்கால்வரை பெருமை.

பரீட்சைக்கு அவரைத் தயார் செய்தது அக்னஸ்தான். அரிசி களைந்துகொண்டே, கரண்டியால் பானை விளிம்பில் தட்டுவாள். அவர் எழுத்தைச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் மறுபடி தட்டுவாள். அப்படித் தட்டித் தட்டி, அவருக்கு வருவதற்கு முன்பே அவளுக்கு மோர்ஸ் வந்துவிட்டது. அது அவருக்குத் தெரியாது. அவள் எந்த வாக்கியத்தைத் தொடங்கினாலும் அதை முடித்து வைக்கிறவர் அவர்தான். முழுதாய்ச் சொல்ல அவளுக்கு வாய்ப்புக் கிடைத்ததில்லை.

உரிமம் வந்த முதல் சாயங்காலம் கொழும்பு பதில் சொல்லியது.

அந்தக் கணத்தை அவர் சாகும்வரை மறக்கவில்லை. இரைச்சலுக்கு நடுவே, சன்னமாக, யாரோ அவருடைய ஸ்டேஷனின் அழைப்புக்குறியைத் திருப்பி அடித்தார்கள். கப்பலில் போனால் நாலைந்து நாள் பிடிக்கும் ஊர். இங்கே விரலை அழுத்தினார், அங்கே ஒரு மனிதன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பாக்கியசாமி துள்ளி எழுந்தார். ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படியில் இறங்கி ஓடி, வெறுங்காலோடு நடுத்தெருவில் நின்று, பலா மரத்து உச்சியையும் அதற்கு மேலே இருண்டுகொண்டிருந்த வானத்தையும் பார்த்தார். அந்த வானத்தின் வழியாக அவர் பேச்சு போயிருக்கிறது. ஒரு சத்தம் இல்லை, ஓர் அசைவு இல்லை. சிலுவை போட்டுக்கொண்டார்.

ஆச்சரியம் அப்படியே நின்றிருந்தால் நல்லது. அது மெல்ல மெல்ல ருசியாக மாறியது. தன் குறியைத் தானே அடித்துக் கேட்பதில் ஒரு ருசி. மற்றவர்கள் ஒரு நிமிஷம் அழைத்துவிட்டு இரண்டு நிமிஷம் காது கொடுப்பார்கள். இவர் மூன்று நிமிஷம் அழைத்துவிட்டு, மூச்சு வாங்கும் நேரம் கேட்டுவிட்டு, மறுபடி மூன்று நிமிஷம் அழைப்பார். இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் நடுவில் புகுவார். உரிமத்தோடு வந்த விதிப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே, அனுப்புவதற்கு முன் கேட்க வேண்டும் என்று போட்டிருந்தது. அதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்தார், அவ்வளவுதான். தைப்பிங்கில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த அப்துல் ரசாக் என்பவர் பழைய கை, ஆகாயத்தில் பேசுகிறவர்கள் எல்லாரும் மதிக்கிறவர். அவர் ஒரு நாள், “கொஞ்சம் இடம் விட்டு அனுப்புங்கள், நண்பரே” என்று பதமாய்ச் சொல்லிப் பார்த்தார். பாக்கியசாமி அதற்கு நன்றி சொல்லி, நாலு நிமிஷம் தம் கருவிகளைப் பற்றி விவரித்தார்.

டிசம்பர் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று நாளாக மழை விட்டபாடில்லை. கிழக்குக் கரையில் வெள்ளம், ரயில் பாதை முழுகிப் போச்சு, தந்திக் கம்பிகள் அறுந்து கிடக்கின்றன என்று சனிக்கிழமைப் பத்திரிகையில் வந்திருந்தது. பாக்கியசாமி அதைப் படித்தார். படித்துவிட்டு, மறுநாள் தன் வீட்டுக்கு வரப்போகிற விருந்தாளிகளைப் பற்றி யோசித்தார்.

கோயில் பூசைக்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஆபீஸில் அவருக்கு மேலாளான தலைமைக் கிளார்க் பால்ராஜ். பலா மரத்துச் சொந்தக்காரர் யூசுப். அவர்கள் கண்ணெதிரே சிங்கப்பூரைப் பிடித்துக் காட்டுவதாகப் பாக்கியசாமி வாக்குக் கொடுத்திருந்தார். கூடியிருப்பவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று இன்னொரு ஹெட்போனைப் பீங்கான் கிண்ணத்துக்குள் போட்டு மேசைமேல் வைத்தார். அப்படி வைத்தால் கிண்ணமே பேசுவதுபோல இருக்கும். அக்னஸ் அதன் அருகில் பலகாரத் தட்டோடு நின்றாள்.

அவர் அழைக்கத் தொடங்கினார். மோர்ஸ் கீ படபடவென்று குதித்தது. யாராவது இருக்கிறீர்களா, பினாங்கு அழைக்கிறது, பினாங்கு, பினாங்கு.

“என்னா வேகம்! விரலு மிஷினு மாதிரி போவுதுலாஹ்!” என்றார் யூசுப்.

பாக்கியசாமி மிடுக்காகச் சிரித்தார். கையை எடுத்து ஐந்து விநாடி கேட்டார். கிண்ணத்தில் மழை இரைச்சல். அதற்கு அடியில், கொசு ரீங்காரம்போல, என்னவோ ஒன்று. அவர் மறுபடி அழைத்தார்.

அடுத்த இடைவெளியில் அக்னஸ் குனிந்து கிண்ணத்தில் காதை வைத்தாள். “ஏங்க, கொஞ்சம் இருங்க. யாரோ...”

“சிங்கப்பூருதான். பதில் வரும், வரும்.”

“சிங்கப்பூரு இல்லீங்க. ரொம்ப மெதுவா...”

அவர் அழைத்துக்கொண்டிருந்தார். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவருடைய பென்சிலையும் ஒரு காகிதத்தையும் எடுத்துக்கொண்டாள்.

நாலாவது இடைவெளியில் அவருக்கே அது தெளிவாகக் கேட்டது. தடுக்கித் தடுக்கி வரும் மோர்ஸ். இப்போதுதான் கற்றுக்கொள்கிற கை. பாக்கியசாமி விருந்தாளிகளைப் பார்த்துக் கண் சிமிட்டினார். “கேட்டீங்களா? எவனோ கத்துக்குட்டி. நாலு புள்ளி வைக்கிற எழுத்துக்கு இவன் அஞ்சு வைக்கிறான்.”

பால்ராஜ் சிரித்தார். பாக்கியசாமி கீயை அழுத்தினார். அந்தச் சன்ன ஒலி உடனே நின்றுவிட்டது.

அரை மணி நேரம் இப்படிப் போயிற்று; பலகாரம் எடுக்கவும் பேசிச் சிரிக்கவும் இரண்டிரண்டு நிமிஷம் கையை எடுப்பார், பிறகு மறுபடி அழுத்துவார். அப்புறம் கிண்ணம் அதிர்கிற மாதிரி ஒரு குறி வந்தது. அடிக்கிற விதத்திலேயே பாக்கியசாமிக்கு அந்தக் கை யாருடையது என்று தெரிந்தது. தைப்பிங் ரசாக். எப்போதும் வணக்கம் சொல்லித் தொடங்குகிற மனிதர் இன்று வணக்கம் சொல்லவில்லை. மூன்றே வார்த்தை.

“பினாங்கு. நிறுத்துங்கள். வெள்ளம்.”

பாக்கியசாமி கீயிலிருந்து விரலை எடுத்தார், சுட்டதுபோல.

“என்னா தம்பி, சிங்கப்பூரா?” என்று கேட்டார் பால்ராஜ்.

அக்னஸ் தான் எழுதிய காகிதத்தைப் பாக்கியசாமி பக்கமாகத் திருப்பினாள். ஆங்கில எழுத்துகள், குழந்தை கையெழுத்துபோல, ஒவ்வொன்றாய் விட்டு விட்டு எழுதப்பட்டிருந்தன. வெள்ளம் என்று ஒரு வரி. ஆஸ்பத்திரி மேடு, இருநூறு பேர், என்று இன்னொரு வரி. படகு இல்லை. பேட்டரி போகிறது. அப்புறம் ‘புக்கிட்’ என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் காகித ஓரம்வரை ஒரு நீளக் கோடு. அதற்குக் கீழே மறுபடி வெள்ளம், மறுபடி இருநூறு பேர், மறுபடி புக்கிட், மறுபடி கோடு. நாலு முறை அப்படி.

“இந்தக் கோடு என்னா?” என்றார்.

“நீங்க அடிச்ச நேரம்ங்க,” என்றாள் அக்னஸ். “நீங்க ஆரம்பிச்சதும் அவரு நிறுத்திடறாரு. நீங்க முடிச்சதும் மறுபடி முதல்லேருந்து சொல்றாரு. ஊருப் பேரு கடைசியில வருது. அதுக்குள்ள நீங்க...”

அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அவளே முடிக்கட்டும் என்று காத்திருந்தார். அவள் முடிக்கத் தேவையில்லை என்று நிறுத்திக்கொண்டாள்.

மலாயாவில் புக்கிட் என்று தொடங்குகிற ஊரும் தோட்டமும் ஆயிரம் இருக்கும். புக்கிட் என்றால் மேடு, அவ்வளவுதான். இருநூறு பேர் ஏதோ ஒரு மேட்டில் நிற்கிறார்கள். எந்த மேடு என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது.

“இங்க ஒண்ணு பாருங்க,” என்று அக்னஸ் ஒவ்வொரு கோட்டுக்கும் கீழே இருந்த ஒரு சின்னச் சொல்லைத் தொட்டுக் காட்டினாள். “நீங்க நிறுத்தினதும் அவரு முதல்ல இதத்தான் அடிக்கிறாரு. ‘சாரி’ன்னு. குறுக்க வந்ததுக்கு மன்னிப்புக் கேக்கறாரு.”

யூசுப் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

தைப்பிங் மறுபடி பேசியது. அவசரமே இல்லாமல், ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வோர் எழுத்தாக. “வெள்ள நிலையமே, பேசுங்கள். நாங்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.” அது முடிந்ததும் இரண்டே எழுத்தில் ஒரு பதில் வந்தது. காத்திருக்கிறேன் என்று பொருள். அது ஈப்போவிலிருந்து. அடுத்தது சிங்கப்பூர். அரை மணியாக எந்தச் சிங்கப்பூரைப் பாக்கியசாமி கூவிக் கூவி அழைத்தாரோ அதே சிங்கப்பூர். அது இத்தனை நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறது, வாயை மூடிக்கொண்டு, அந்த மெல்லிய ஒலியைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டு. பிறகு கடலுக்கு அந்தப் பக்கம் மேடானிலிருந்து ஒரு டச்சுக்காரர். காத்திருக்கிறேன். பிறகு ரங்கூன்.

அப்புறம் ஒருவரும் பேசவில்லை.

பாக்கியசாமி வாழ்க்கையில் அப்படி ஒரு நிசப்தத்தைக் கேட்டதில்லை. ஹெட்போனில் மழை இரைந்தது, எங்கோ மின்னல் நொறுங்கியது. ஆனால் அதற்குள் ஓர் அமைதி இருந்தது. வெறும் அமைதி இல்லை, மனிதர்கள் செய்த அமைதி. ரங்கூனிலிருந்து சிங்கப்பூர் வரைக்கும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தறியாத ஆட்கள், வெள்ளைக்காரர், மலாய்க்காரர், டச்சுக்காரர், பர்மியர், அவரவர் அறையில், கீமேல் விரல் படாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர் தெரியாத ஒரு கத்துக்குட்டிக்காக. பூசையில் எழுந்தேற்ற நேரத்தில் குருவானவர் அப்பத்தை உயர்த்தும்போது, கோயில் முழுக்க இருமல் சத்தம்கூட அடங்கிப் போகுமே, அதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. கொழும்பு பதில் சொன்ன அன்று, தன் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்று வியந்திருந்தார். இவ்வளவு பெரிய வானத்தை இத்தனை பேர் சேர்ந்து ஒருவனுக்காகக் காலி செய்து கொடுக்க முடியும் என்று அவர் நினைத்தே பார்த்ததில்லை. கண்ணில் நீர் கட்டியது.

பத்து நிமிஷம் போயிருக்கும். பால்ராஜ் நாற்காலியில் அசையக்கூட இல்லை.

வந்தது. முன்னைவிட மெலிந்து, ஒரு நூல் அறுவதுபோல விட்டு விட்டு. பாக்கியசாமி கண்ணை மூடிக் கேட்டார். புள்ளியும் கோடும் குழம்பின. அவருக்கு வேகமான கைகள்தான் பழக்கம். சட்டென்று ஹெட்போனைக் கழற்றி அக்னஸின் தலையில் மாட்டினார்.

“நீ எழுது. அவரு கை ஒனக்குத்தான் புரியுது.”

அவள் உட்கார்ந்தாள். பென்சில் நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. புக்கிட். எஸ். ஈ. எல். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஏ. ஆர். ஒலி மங்கிப் போயிற்று. ஒரு புள்ளி, ஒரு கோடு. ஏ. அவ்வளவுதான். பேட்டரி தீர்ந்துவிட்டது.

“பெயரைப் பிடித்தவர் யார்?” என்று தைப்பிங் கேட்டது.

இல்லை என்றது ஈப்போ. இல்லை என்றது சிங்கப்பூர். மேடான் இல்லை. ரங்கூனுக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

பாக்கியசாமி கீமேல் கையை வைத்தார். உடனே அழுத்தவில்லை. வேறு யாராவது பேசுகிறார்களா என்று மூன்று எண்ணும் நேரம் காது கொடுத்தார். பிறகு தம் குறியை ஒரே ஒரு முறை அடித்தார். “புக்கிட் செலாரா. மறுபடி: புக்கிட் செலாரா. எழுதியது என் மனைவி.” கையை எடுத்துவிட்டார்.

ரசாக் அதைத் திருப்பி அடித்துச் சரிபார்த்தார். கிளந்தான் ஆற்றோரத்தில் அந்தப் பெயரில், ரப்பர் பால் எடுக்கும் ஒரு சின்ன கித்தா தோட்டம் இருப்பதை ஈப்போக்காரர் வரைபடத்தில் கண்டுபிடித்தார். ரசாக் மழையிலேயே கிளம்பிப்போய்ச் சர்க்கார் ஆட்களிடம் சேதியைச் சேர்த்தார். மறுநாள் மதியம் இரண்டு மோட்டார் படகுகள் அந்த மேட்டைப் போய்ச் சேர்ந்தன என்று புதன்கிழமைப் பத்திரிகையில் வந்தது. பால்ராஜ் அதைக் கத்தரித்துக் கொண்டுவந்து ஆபீஸில் எல்லாருக்கும் காட்டினார். பாக்கியசாமி அதை வாங்கிப் பார்க்கவில்லை.

பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கதவைத் தட்டிய ஆளுக்கு நாற்பது வயது இருக்கும். காக்கிக் கால்சட்டை, கையில் மருந்துப் பெட்டி.

“பினாங்கு ஸ்டேஷன் ஐயா வீடுங்களா? நான் மெய்யநாதன். புக்கிட் செலாரா தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், மருந்து கட்டறவன்.”

மருந்து வாங்க வந்தவர், ஊர்ப் பெயரைப் பிடித்தது இந்த வீட்டு அம்மாதான் என்று கேள்விப்பட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போகலாம் என்று விசாரித்து வந்திருந்தார். அக்னஸைப் பார்த்ததும் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். கோப்பி குடித்துக்கொண்டே கதையைச் சொன்னார். ரேடியோப் பெட்டி தோட்டத்துத் துரையுடையது. உரிமமும் அவருடையதுதான். வெள்ளத்தன்று துரை கோத்தா பாரு பட்டணத்தில் மாட்டிக்கொண்டார். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்கள் கூரைவரை முழுகிவிட்டன. பெட்டியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி மேட்டுக்கு ஏற்றியது மெய்யநாதன்தான். துரை சாயங்காலங்களில் விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்த மோர்ஸ்தான் அவருக்குத் தெரியும்.

“ஐயா கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்,” என்றார் கடைசியாக, தயங்கிக்கொண்டு. “அன்னைக்கி ஒரு பெரிய ஸ்டேஷன் பேசிக்கிட்டு இருந்துச்சுங்க. அது யாருன்னு தெரியுங்களா? ரொம்ப வேகம். எனக்கு ஒரு எழுத்தும் புரியல. ஏதோ அவசரச் சேதி அனுப்பறாரு போல. நான் நடுவுல நடுவுல பூந்து கெடுத்திருப்பேன். அவருகிட்ட ஒரு மன்னிப்பு கேட்டுக்கணும்.”

அக்னஸ் கணவரைப் பார்த்தாள். அவருக்காக அவள் பேசப் போவதில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

“அது நான்தான்,” என்றார் பாக்கியசாமி. “சேதி ஒண்ணும் இல்லீங்க. வந்தவங்களுக்கு வேடிக்கை காட்டிக்கிட்டிருந்தேன். என் பேரையே நான் கூப்பிட்டுக்கிட்டிருந்தேன்.”

மெய்யநாதன் கோப்பிக் கிண்ணத்தை மேசைமேல் வைத்தார். முகத்தில் கோபம் வந்து, போய், மறுபடி வந்தது.

“பதிலு வராதுன்னு நெனச்சு ரெண்டு பேரு வாழமட்டைய கட்டித் தண்ணியில எறங்கிட்டாங்க ஐயா,” என்றார். “படகு தேடிட்டு வரேன்னு. நான் தடுத்தேன். ஒருத்தன் மரத்தப் புடிச்சித் தப்பிச்சான். எஞ்சின் ஓட்டற ஆரோக்கியநாதன் திரும்பி வரல. அரை மணி நேரம் முன்னாடி எவனாச்சும் ‘கேக்குது’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, எறங்கியிருக்க மாட்டாங்க.”

பாக்கியசாமிக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. நூறு விளக்கம் நாக்கு நுனிவரை வந்தது. தெரியாமல் நடந்தது, மழை இரைச்சல், மெல்லிய ஒலி. எல்லாவற்றையும் விழுங்கினார். அந்த மனிதர் சொல்லி முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.

மெய்யநாதன் சொன்னார், நிதானமாக: “எங்க தொரை எனக்குச் சொல்லிக் குடுத்த முதல் பாடம், இன்னொருத்தன் பேசினா நிறுத்திடுன்னு. அதனாலதான் நான் ஒவ்வொரு தடவையும் நிறுத்தினேன். ஆனா அன்னைக்கி மேட்டுல உக்காந்து யோசிச்சேன் ஐயா. சின்ன ஸ்டேஷன் எப்பவும் நிறுத்தத்தான் செய்யும், அதுக்கு வேற வழி இல்ல. பெரிய ஸ்டேஷன் நிறுத்தினாத்தான் அந்தப் பாடத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கு.”

“ஆமாங்க,” என்றார் பாக்கியசாமி. பிறகு கேட்டார்: “அந்த ஆரோக்கியநாதனோட வீட்டுக்காரம்மா இப்ப எங்க இருக்காங்க?”

“தோட்டத்துலதான். அமலம்மாள்னு பேரு.”

“நீங்க திரும்பிப் போறப்ப நானும் வரேன். ஒரு வாரம் லீவு சொல்லிடறேன்.”

“வந்து என்னா சொல்லப் போறீங்க ஐயா?”

பாக்கியசாமி ஜன்னல் பக்கம் திரும்பினார். அக்னஸ் அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

“நான் செஞ்சத மட்டும் சொல்லுவேன். அதுக்கு ரெண்டு வார்த்த போதும்,” என்றார். “மிச்ச நேரம் அவங்க பேசட்டும். எவ்வளவு நேரம் வேணும்னாலும், என்ன வேணும்னாலும் பேசட்டும். நான் உக்காந்து கேக்கறேன். பேசறதுக்கு முன்னாடி கேக்கணும்னு ஒரு புத்தகத்துல படிச்சி, பரீட்சையில எழுதி, தேறி, உரிமமும் வாங்கினவன் நான். எனக்கு அது எழுத்தாத்தான் தெரிஞ்சிருந்துச்சு. நம்ம சத்தத்துக்கு அடியில யாரோ ஒருத்தன் உசிரைப் புடிச்சிக்கிட்டுப் பேசிக்கிட்டிருப்பான், அவனுக்கு வழிவிடறதுதான் பெரிய மனுசத்தனம்னு இப்பத்தான் தெரியுதுங்க.”